நீலக் குடத்துத் தண்ணீர்

கண்ணு,

ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயும் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். வாயால் சொல்லித்தான் பார்த்தேன், மூன்று தடவை. முதல் தடவை உன் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. முன்பு எட்டு மாதம் பேச்சுச் சத்தமே வராத அறை அது. பாட்டைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை உன் அப்பா செய்யூரிலிருந்து வந்து, ஜேசிபிக்காரனிடம் பேசி முடித்துவிட்டதாகச் சொல்லி உன் தோளில் தட்டினார். அவர் உன்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாயைத் திறக்க மனசு வரவில்லை. மூன்றாம் தடவை நேற்று. "இன்னாம்மா, ஏதோ சொல்ல வந்தியே" என்று நீயே கேட்டாய். "மாவு பொங்கிடுச்சான்னு பாக்கப் போறேன்" என்றேன். அப்போது அரிசியே ஊறவில்லை. அதனால்தான் உன் பழைய காலேஜ் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பத்தாவதோடு பேனாவைக் கீழே வைத்தவள் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

வர்ற வெள்ளிக்கிழமை நீ செய்யூர் போகிறாய். சவுக்கு வெட்டி வெறுமனே கிடக்கிற அப்பாவின் பங்கு நிலத்தில் கட்டைகளைப் பெயர்த்துவிட்டு, ஓரத்துப் புங்க மரங்களின் நிழல் விழுகிற பக்கமாக உன் ப்ளூபெர்ரிக் கன்றுகளை நடப்போகிறாய். அங்கேயே ஒரு கொட்டகை போட்டுத் தங்கப்போவதாகவும் சொல்கிறாய். அதற்கு முன் உனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். நம் தொட்டியில் இருப்பது நீ கொண்டுவந்த செடி இல்லை. அது செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கொன்றதும் நான்தான், அந்த இடத்தில் வேறு ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததும் நான்தான்.

இதை எழுதிவிட்டுப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனி முதலிலிருந்து சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம், பெங்களூரிலிருந்து வந்து செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கினாய். உன் தோளில் இரண்டு பை, நெஞ்சோடு அணைத்த ஒரு கறுப்புத் தொட்டி. நானும் அப்பாவும் வந்திருந்தோம். தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி, அது சாயாமல் ஒரு குச்சி, குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தது உன் ஆபீஸ் அடையாள அட்டையின் நீலப் பட்டை. அட்டை இல்லை, பட்டை மட்டும். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, வேலைக்குப் போன எடத்துல செடி குடுத்து அனுப்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். வேலை போனது அவருக்கு அப்போது தெரியாது. அவருடைய நாக்கு அப்படி, மனசு அப்படி இல்லை. நீ சிரிக்கவில்லை. புதுப்பட்டினம் வந்து சேரும் வரை பஸ்ஸில் அந்தத் தொட்டியை மடியை விட்டு இறக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் இது என்ன செடி என்று மட்டும் கேட்டேன். ப்ளூபெர்ரி என்றாய். உனக்கு என்னப்பா ஆச்சு என்று கேட்டிருக்க வேண்டும். செடியைக் கேட்டேன்.

வீட்டுக்கும் பாத்திமா அக்கா வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்துத் தோட்டத்தில் அதை வைத்தாய். அவர்கள் மாமரம் சுவர் தாண்டி நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. பத்து மணி வரைக்கும் வெயில், அப்புறம் நிழல். "இந்த எடம்தாம்மா இதுக்குச் சரி" என்றாய். அப்புறம் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். விடிகிற நேரத்தில் மட்டும் வெளியே வருவாய். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நான் போர் தண்ணீர் பிடித்து வைக்கிற நீலக் குடத்திலிருந்து இரண்டு சொம்பு மொண்டு செடிக்கு ஊற்றுவாய், திரும்பப் போய்விடுவாய். தட்டை வாசலில் வைப்பேன், பாதி சாப்பாட்டோடு தட்டு அங்கேயே இருக்கும். உன் அப்பா, "ஆம்பளப் புள்ள, வூட்டுலயே குந்திகினு கீறான், நாலு பேரு கேக்குறாங்க" என்று என்னிடம் கத்துவார். உன் கதவைத் தட்டிக் கேட்க அவருக்கும் தைரியம் இல்லை, அதனால் என்னிடம் கத்தினார்.

அந்த மாதங்களில் நீ என்னிடம் பேசியது மொத்தமே ஒரு விஷயம்தான். இலை மஞ்சளாகிக்கொண்டு வந்தது, நரம்பு மட்டும் பச்சை. ஏன் என்று கேட்டதற்கு, "இதுக்கு மண்ணு புளிப்பா இருக்கணும்மா. நம்ம போர் தண்ணி உப்பும் சுண்ணாம்பும். ஒத்துக்காது. வேற தண்ணிக்கு எங்க போறது" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? புளிப்பு என்றால் எனக்கா சொல்லித் தர வேண்டும்? இந்த ஊரில் பாதி வீடு என் மாவில்தான் இட்லி சுடுகிறது. என் பிள்ளைக்கு என்னால் ஆகிற உதவி ஒன்று கிடைத்ததே என்று, மாவு அண்டாவைக் கழுவிய புளித்த தண்ணீரை உனக்குத் தெரியாமல் தினமும் மத்தியானம் தொட்டியில் ஊற்றினேன். புளிக்காத நாளில் மோரை ஊற்றினேன். பத்தே நாளில் எறும்பு சாரை சாரையாக வந்தது. மாவுத் தண்ணீர் எறும்புக்கு விருந்து என்று இருபது வருஷம் மாவரைக்கிறவளுக்குத் தோன்றவில்லை பார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஏழுமலை வந்தான். எறும்பைக் காட்டிக் கேட்டேன். "இதுக்கா பேஜார் பட்டுகினு கீறே? சுண்ணாம்பப் போட்டு வுடுக்கா. தென்ன மரத்துக்கெல்லாம் அதான் போடுறோம். ஒண்ணு கிட்ட வராது" என்றான். வாளியில் மீந்திருந்த சுண்ணாம்பை நானே கலக்கி, தொட்டியைச் சுற்றியும், மண்ணின் மேலும், தண்டின் அடியிலும் ஊற்றினேன். பார்க்க அழகாக இருந்தது, கோலம் போட்ட மாதிரி. எறும்பு நின்றுவிட்டது. புளிப்பு வேண்டும் என்று நீ சொன்ன மண்ணில் சுண்ணாம்பைக் கொட்டியிருக்கிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. புளித்த மாவில் சோடாவைப் போட்டால் புளிப்பு செத்துப்போகும் என்பது தெரிந்தவள்தான். என் கைக்குத் தெரிந்தது என் புத்திக்குத் தெரியவில்லை.

மாசி மாதம் இலை விளிம்பெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. அன்றைக்கு நீ பகலில் வெளியே வந்தாய். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணிலிருந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தாய். "யாரும்மா இது?" "எறும்பு வந்துதுப்பா. அதான்..." நீ என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "போச்சும்மா" என்றாய், அவ்வளவுதான். உள்ளே போனாய். அதற்கப்புறம் விடியற்காலையில்கூட நீ வரவில்லை. தட்டு வைத்தபடியே இருந்தது. நான் கதவில் காதை வைத்து உன் மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அரைப்பதை நிறுத்தினேன், கிரைண்டர் சத்தத்தில் உன் சத்தம் எனக்குக் கேட்காமல் போய்விடும் என்று. மாவு கேட்டு வந்தவர்களிடம் கரண்ட் இல்லை என்று பொய் சொன்னேன். பயம் என்றால் என்னவென்று அந்தப் பத்து நாளில்தான் தெரிந்துகொண்டேன். டாக்டரிடம் போகலாம் என்று கதவுக்கு வெளியிலிருந்து சொன்னேன், கதவு திறக்கவில்லை. உடைக்கலாமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உனக்கு நினைவிருக்கிறதா, நீ இரண்டாவது படிக்கும்போது திருவிழாவில் ஒரு ரோஸ் கலர் கோழிக்குஞ்சு வாங்கினாயே? மூன்றாம் நாள் அது செத்துவிட்டது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் ஓடிப்போய் வேறு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். அதுவும் செத்தது. இன்னொன்று வாங்கினேன். "எல்லார் குஞ்சும் செத்துடுச்சாம்மா, என்னோடது மட்டும் சாகல" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது யோசித்தால் பெருமை இல்லை. ஒன்று போனால் போனதுதான் என்பதைச் சின்னதில் நீ பார்க்க நான் விட்டதில்லை. முப்பது வயசில் ஒரு வேலை போனதும் அதைத் தாங்குகிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வரும்? எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று பழியை இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இதில் என் பங்கு இருக்கிறது.

அந்தப் பழைய புத்திதான் மறுபடியும் வந்தது. காய்ந்த செடியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டு மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற நர்சரி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒருத்தன் குச்சியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, அடுப்பெரிக்கவா?" என்றான். கடைசியில் ஒரு வயசானவர், மலையிலிருந்து வண்டி வரும்போது ஒன்று வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். "இங்க வராதும்மா இது. பேருக்கு ரெண்டு நாள் இருக்கும்" என்றும் சொன்னார். எனக்கு ரெண்டு நாள் போதும் என்றேன். ஒரு வாரம் கழித்துப் போய், மாவு எடுத்துப் போகிற தூக்குக் கூடைக்குள் அதை வைத்து, மேலே துணி மூடி எடுத்து வந்தேன். நீ தூங்குகிற மத்தியான நேரத்தில் பழைய செடியைப் பிடுங்கினேன். வேரெல்லாம் அழுகிப்போயிருந்தது. சுண்ணாம்பு மண் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதுசை அதன் மண்ணோடு வைத்தேன். இலையோடு இருந்தால் நீ நம்பமாட்டாய் என்று, மாவு கவர் வெட்டுகிற கத்தரிக்கோலால் மொட்டையாக நறுக்கினேன். மேலே கொஞ்சம் பழைய சருகைத் தூவினேன். உன் நீலப் பட்டையை அவிழ்த்துப் புதுக் குச்சியில் நீ போடுகிற அதே முடிச்சைப் போட்டேன். முடிச்சுதான் ரொம்ப நேரம் எடுத்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாமலும் நீ என்ன நினைத்தோ வெளியே வந்திருக்கிறாய், சந்தில் உன் குரல் கேட்டது. "அம்மா, இங்க வாயேன். பொழைச்சுக்கிச்சும்மா." ஓடி வந்தேன். குனிந்து கையால் ஒரு துளிரை ஏந்திக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் எட்டு மாதத்துக்கு அப்புறம் ஒரு வெளிச்சம். அன்றைக்கு அடுப்படியில் வந்து உட்கார்ந்து ஐந்து இட்லி சாப்பிட்டாய். உன் அப்பா தட்டோடு வந்தவர், "இன்னா, தொரை வெளில வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தார், நான் பார்த்தேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். நான் செய்த பொய்யில்தான் நீ சாப்பிட ஆரம்பித்தாய். அதற்கப்புறம் நான் எப்படிச் சொல்வேன்?

ஒரு பொய்யோடு முடிந்ததா என்றால் இல்லை. போர் தண்ணீர் ஊற்றினால் இதுவும் போய்விடும். பாத்திமா அக்கா வீட்டு ஏசித் தண்ணீர் குழாய் வழியாக நம் சுவர் ஓரம்தான் சொட்டும். நர்சரிக்காரர் மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் ஏசித் தண்ணீர் என்று சொல்லியிருந்தார். அக்காவிடம் கேட்டேன். "எடுத்துக்கம்மா, வீணாத்தானே போவுது" என்றது. அன்றிலிருந்து நீ எழுவதற்கு முன்னால் எழுந்து, சுவர் ஓரத்துப் பச்சை பக்கெட்டில் சேர்ந்ததை நீலக் குடத்தில் ஊற்றி வைக்கிறேன். மழைக்காலத்தில் மாடித் தண்ணீர். நீ அதைப் போர் தண்ணீர் என்று நினைத்து மொண்டு ஊற்றுகிறாய். ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்த நாளும் எழுந்திருக்கிறேன். ஒரு தடவை இலையைத் தடவிக்கொண்டே, "எல கொஞ்சம் மாறிருக்கேம்மா" என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. "டைபாய்டு வந்து எழுந்தப்போ உனக்கு முடி சுருட்டையா மொளைக்கலையா? அதுமாரிதான்" என்றேன். நீ தலையாட்டினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறு வருஷம், இந்தப் பங்குனியில், ஏழு பழம் வந்தது. முதல் பழத்தை என் வாயில் போட்டாய். அப்பா, "நாவப்பழத்துக்கா இவ்ளோ சீனு" என்று கேலி பண்ணிக்கொண்டே இரண்டைத் தின்றார். எப்படிம்மா இருக்குது என்று கேட்டாய். நல்லா இருக்கு என்றேன். எனக்கு ருசியே தெரியவில்லை, கண்ணு. அன்று சாயங்காலம்தான் நீ சொன்னாய்: "ஒத்துக்காதுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். சுண்ணாம்பையே தாங்கிருச்சு. நம்ம தண்ணியிலயே நிக்குது. இந்த ஒரு செடியிலேந்து கன்னு எடுத்தா செய்யூர்லயும் நிக்கும்மா." என் மாவு கவர்களில் ஓட்டை போட்டு, சவுக்குச் சருகும் தென்னை நாரும் நிரப்பி, நாற்பது குச்சி வைத்தாய். இருபத்தாறு வேர் பிடித்தன. அவற்றுக்கும் தண்ணீர் நீலக் குடத்திலிருந்துதான். கவர்களின் மேல் தேதி எழுதி வைத்திருக்கிறாய். அப்பா சொந்தக்காரர்கள் எல்லாரிடமும், "எம் புள்ள புதுசா ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருக்கும் இது தெரியாது.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். செடி தானாகவே வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வாடிவிட்டால் நீ நிலத்தில் இறங்கமாட்டாய், என் பொய்யும் வெளியே வராது என்று, குடத்தில் போர் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். ஒரு நாள் ஊற்றினால் ஒன்றும் ஆகாது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, விஷத்தை வைத்த மாதிரி இருந்தது. நீ எழுந்து வந்து சொம்பை விட்டபோது ஓடிவந்து குடத்தைக் கவிழ்த்துவிட்டேன். "பல்லி வுழுந்துட்டுதுடா" என்றேன். "இன்னாம்மா நீ, செடிதானே குடிக்கப் போவுது" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு ஈரப் புடவையோடு நின்றேன். சொன்னால் நீ மறுபடி அறைக்குள் போய்விடுவாயோ என்று பயம். சொல்லாவிட்டால் செய்யூரில் அந்த இருபத்தாறும் போர் தண்ணீரில் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். அங்கே உனக்கு ஏசித் தண்ணீர் பிடித்து வைக்க நான் இருக்கமாட்டேன். நீ தனியாகக் கொட்டகையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாய், இதுவும் என்னால்தான் போச்சு என்று நினைப்பாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி தெரியவில்லை. கடைசியில், தனியாக அங்கே உடைவதைவிட என் கண் முன்னால் இங்கே உடையட்டும் என்று தோன்றியது. இது சரியா தப்பா என்றும் எனக்குத் தெரியாது.

அம்மா உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடம் இது. சொல்ல ஒன்றும் இல்லை. நிலத்தை விட்டுவிடு என்று சொல்லமாட்டேன், செய் என்றும் சொல்லமாட்டேன். மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்தால் அங்கேயும் வருமோ என்னவோ, அது உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் செடி பிழைக்கவில்லை என்பதுதான். அதைப் பார்த்து நீ எழுந்து வந்தது, சாப்பிட்டது, பாட்டுக் கேட்டது, குச்சி வெட்டி வேர் பிடிக்க வைத்தது, இதெல்லாம் நிஜமா, இல்லை என் பொய்யோடு சேர்ந்ததா என்று நான் தினமும் யோசிக்கிறேன். நிஜம் என்றுதான் நினைக்க ஆசை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

காலையில் நீ எழுந்து வரும்போது நீலக் குடம் காலியாக இருக்கும். நாளைக்கு நான் நிரப்பமாட்டேன். இந்த நோட்டு குடத்தின் வாயில் இருக்கும். சுவர் ஓரத்தில் பச்சை பக்கெட் இருக்கிறது, அதில் தண்ணீர் சேர்ந்திருக்கும். ஊற்றுவதும் ஊற்றாததும் உன் இஷ்டம். நான் அடுப்படியில்தான் இருப்பேன். வந்து கத்து. திட்டு. தொட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்தாலும் பரவாயில்லை, அள்ளிக்கொள்கிறேன். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும் இரு.

கதவை மட்டும் சாத்திக்கொள்ளாதே, கண்ணு.

உன் அம்மா